மாமாவின் கம்ப்யூட்டரில் ஒரு வரி

அவளுக்கு வயது முப்பத்தாறு. ஆனாலும் வீட்டில் பாப்பா, ஆபீசிலும் பாப்பா. வீட்டில் அக்கா அப்படிக் கூப்பிடுவதில் தப்பில்லை. ஆபீசிலோ அக்காவின் கணவர், அதாவது மாமா, வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும், "இது நம்ம பாப்பா. சும்மா எனக்குக் கொஞ்சம் ஒத்தாசை பண்றா" என்பார். அந்தச் 'சும்மா'வையும் அந்தக் 'கொஞ்ச'த்தையும் ஒன்பது வருஷமாகக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது மரத்துப்போயிருந்தது.

மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றுக்கு மேலே இரண்டு அறைகள், அதுதான் ஆபீஸ். முன்னறையில் போன் எடுக்கும் பெண்ணும் டிசைனரும். உள்ளறையில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாமா, இந்தப் பக்கம் பாப்பா. அவள் மேஜைக்கு அடியில் பக்க மூடி கழற்றிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று எப்போதும் இரைந்துகொண்டிருக்கும். எழுதியதையெல்லாம் முதலில் அதில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியுலகத்துக்கு அனுப்புவாள்.

அந்த ஆபீசுக்குச் சோறு போட்டது ஒரே ஒரு வெப்சைட். நோயாளிகள் வீட்டிலிருந்தபடியே டாக்டரைப் பார்க்க நேரம் குறித்துக்கொள்வதற்கானது. நாற்பது கிளினிக்குகள் அதை நம்பித்தான் கதவைத் திறந்தன. மூன்று வருஷம் ஒற்றை ஆளாக உட்கார்ந்து அதை எழுதியவள் பாப்பா. அதில் 'எங்களைப் பற்றி' என்று ஒரு பக்கம் உண்டு. கையைக் கட்டிக்கொண்டு, தாடையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு மாமா நிற்கும் படம் அங்கே இருக்கும். அதன் கீழே 'நிறுவனர், இதை உருவாக்கியவர்'.

"என் பேரையும் ஒரு மூலையில போடுங்களேன் மாமா" என்று ஒருமுறை கேட்டாள்.

"எங்கள் குழுன்னு போட்டிருக்கே பாப்பா. குழுன்னா யாரு, நீதானே?"

அதையும் அவள் விழுங்கிக்கொண்டாள். ஒரு தொழில் பத்திரிகையில் மாமாவின் பேட்டி வந்தது. "ஒவ்வொரு வரியும் நானே எழுதினது" என்று நாக்குக் கூசாமல் சொல்லியிருந்தார். அதையும் விழுங்கிக்கொண்டாள். விழுங்க முடியாத ஒன்று அதற்குப் பிறகுதான் வந்தது.

ஊரின் மறுகோடியில் ஒரு பெரிய கம்பெனியில் வேலை காலி என்று கேள்விப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பித்தாள். மூன்று சுற்று நேர்காணலும் முடிந்து, "ஒண்ணாம் தேதி வந்துடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். நான்கு நாள் கழித்து அங்கே ஆளெடுக்கும் அம்மாவிடமிருந்து போன். குரல் ஏனோ குழைந்து வந்தது.

"இப்போதைக்கு வேணாம்னு முடிவு பண்ணியிருக்கோம்மா. நீங்க முதல்ல உடம்பைப் பார்த்துக்குங்க. எல்லாம் சரியானதும் வாங்க."

"எனக்கு உடம்புக்கு என்ன மேடம்?"

"உங்க ஆபீஸ்ல விசாரிச்சோம். உங்க மாமாதானாமே அவர்? அக்கறையாத்தான் சொன்னார். நீங்க பார்க்கறது கேட்கறதெல்லாம்... சில சமயம் அங்க இல்லாததுன்னு."

பாப்பா போனை வைத்தாள். எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து இன்னொரு தம்ளர் குடித்தாள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவள் கணவன் சாலை விபத்தில் செத்துப்போனான். அதற்கப்புறம் நாலைந்து மாதம், சாயங்காலம் ஆறரை மணியானால் வாசல் பூட்டில் அவன் சாவி திரும்பும் சத்தம் அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. எழுந்து போய்ப் பார்ப்பாள், யாரும் இருக்கமாட்டார்கள். ஒரு டாக்டரிடம் போனாள், மெல்ல மெல்ல அந்தச் சத்தம் நின்றது. இதை அவள் சொன்னது உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம், அக்காவிடம். அக்காவின் மடியில் தலை வைத்துக்கொண்டு சொன்னது.

அந்தச் சாவிச் சத்தத்தைத்தான் மாமா எடுத்து விற்றிருந்தார். அவள் போய்விட்டால் வெப்சைட்டைக் கவனிக்க ஆளில்லை, அதற்காக.

அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. கோபம்தான் வந்தது. இல்லாததைப் பார்க்கிறேன் என்றா சொன்னீர்கள்? சரி. இல்லாததைப் பார்ப்பது எப்படியிருக்கும் என்று நீங்களும் கொஞ்சம் பார்த்துவிடுங்கள். இப்படித்தான் மனசுக்குள் கறுவினாள். கறுவுகிறபோதே வழியும் தெரிந்துவிட்டது. அவள் தினமும் கை வைக்கிற வழிதான்.

வெப்சைட் வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சின்ன விஷயம் அது. நாம் ஒரு வெப்சைட்டின் பெயரைத் தட்டினால், அந்தப் பெயருக்குரிய முகவரி எது என்று கம்ப்யூட்டர் வெளியே போய் விசாரிக்கும். ஆனால் வெளியே போவதற்கு முன்னால் தன் வயிற்றுக்குள்ளேயே இருக்கும் ஒரு சின்ன ஃபைலைப் பார்த்துக்கொள்ளும். அதன் பெயர் ஹோஸ்ட்ஸ் ஃபைல். இன்ன பெயர் இன்ன இடத்தில் இருக்கிறது என்று அதில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும். கம்ப்யூட்டர் மறுகேள்வி கேட்காமல் அங்கேதான் போகும். ஊர் முழுக்க வேறு இடத்துக்குப் போனாலும் அந்த ஒரு கம்ப்யூட்டர் மட்டும் இங்கே வரும்.

மாமாவின் கம்ப்யூட்டரில் பாப்பா அடிக்கடி அந்த வரியைச் சேர்ப்பதுண்டு. வெளியாட்களுக்கு வெப்சைட்டைக் காட்டும்போது நிஜ நோயாளிகளின் பெயர் திரையில் வரக்கூடாது இல்லையா? அதனால் மேஜைக்கு அடியில் இரையும் பழைய கம்ப்யூட்டரில் பொய் நோயாளிகளோடு ஒரு நகல் வைத்திருந்தாள். காட்டுகிற நேரத்துக்கு மட்டும் மாமாவின் கம்ப்யூட்டரை அந்த நகலுக்குத் திருப்பிவிடுவாள். முடிந்ததும் வரியை எடுத்துவிடுவாள். முகவரிப் பட்டையில் அதே பெயர் இருக்கும், இது நிஜ வெப்சைட்தான் என்று காட்டும் பூட்டுக் குறியும் இருக்கும். அந்தக் குறி வருவதற்கான சான்றிதழை ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் அவளே பதித்து வைத்திருந்தாள். தன் நாற்காலியை விட்டு அசையாமலே இதையெல்லாம் செய்ய அவளால் முடியும். ஒவ்வொரு வரியும் தானே எழுதினதாகச் சொல்லிக்கொண்ட மாமாவுக்கு இந்த ஒரு வரி இருப்பதே தெரியாது; பொய் நோயாளிகள் எப்படித் திரைக்கு வருகிறார்கள் என்று அவர் கேட்டதே இல்லை.

முதல் நாள், நகலில் மாமாவின் படத்துக்குக் கீழே 'இதை உருவாக்கியவர்' என்பதை மட்டும் அழித்தாள். தினமும் காலையில் காபியோடு அந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்ப்பது மாமாவின் வழக்கம்.

"யாருய்யா இதை எடுத்தது?" என்று கத்தினார்.

முன்னறையிலிருந்து டிசைனர் எழுந்து வருவதற்குள் பாப்பா வரியை எடுத்துவிட்டாள். டிசைனர் குனிந்து பக்கத்தைத் திரும்ப ஏற்றினான். "இருக்கே சார்."

மாமா பார்த்தார். இருந்தது. "இல்லையே, இப்ப இல்லாம இருந்துதே" என்றார். டிசைனர் மரியாதையாகச் சிரித்துவிட்டுப் போனான்.

இரண்டாம் நாள் நகலில் மாமாவின் படம் இல்லை. மூன்றாம் நாள் ஒன்றுமே செய்யவில்லை, எல்லாம் சரியாக இருந்தது. அந்த மூன்றாம் நாள்தான் அவரை அதிகம் ஆட்டிவைத்தது, ஏழெட்டு முறை திறந்து திறந்து பார்த்தார். நான்காம் நாள் அவர் படம் இருந்த இடத்தில் பாப்பாவின் படம். கீழே அவளுடைய முழுப் பெயர், 'இதை எழுதியவர்'.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கத்திலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா திரையைப் பார்த்தார். மொபைலை எடுத்து அதே பக்கத்தைத் திறந்தார். மொபைலில் அவர் படம். மறுபடியும் திரையைப் பார்த்தார். போன் எடுக்கும் பெண்ணைக் கூப்பிட்டார். அவள் வருவதற்குள் வரி போய்விட்டது.

"இதுல யாரு படம் இருக்கு, சொல்லு."

"உங்க படம்தான் சார்."

"மொபைல்ல?"

"அதுலயும் நீங்கதான் சார். ஏன் சார்?"

"ஒண்ணுமில்ல, போ."

மத்தியானமே கீழே கடைக்கு இறங்கிப்போய்க் கண் பரிசோதனை செய்துகொண்டார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். ஆனாலும் புதுக் கண்ணாடி ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டுதான் மேலே வந்தார். பாப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு மாடிப்படிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். பல வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பசித்துச் சாப்பிட்டாள்.

ஒன்பதாம் நாள் அக்கா போன் செய்தாள்.

"பாப்பா, ஆபீஸ்ல உங்க மாமா எப்படி இருக்கார்?"

"ஏன், நல்லாத்தானே இருக்கார்."

"இல்லடி. சரியாச் சாப்பிட மாட்டேங்கறார். அந்தப் பக்கத்தைத் திறந்து என்கிட்ட குடுத்து, படிச்சுச் சொல்லு, படிச்சுச் சொல்லுங்கறார். தன் அப்பா மாதிரியே ஆயிடுவோமோன்னு பயப்படறார் போலிருக்கு. கடைசியில அவருக்குப் பெத்த பிள்ளையே யாருன்னு தெரியலை இல்ல? மூளையை ஸ்கேன் எடுக்க நாள் குறிச்சுட்டு வந்திருக்கார். யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொல்லித்தான் என்கிட்ட சொன்னார். நீ மனசுல வெச்சுக்கோ."

"நீ என்கிட்ட சொல்லிட்டியே" என்றாள் பாப்பா.

அக்காவுக்கு அது உறைக்கவில்லை.

அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்த வேண்டும் என்று தோன்றவும் செய்தது, ஒரு நிமிஷம். மாமாவின் அப்பாவை அவளுக்குத் தெரியும். கடைசி நாட்களில் சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் நின்ற மனுஷர். ஆனால் உடனே ஆளெடுக்கும் அம்மாவின் குழைந்த குரல் காதில் கேட்டது. 'அக்கறையாத்தான் சொன்னார்.' அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நகலில் தன் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினாள்.

பன்னிரண்டாம் நாள் மூன்று மணிக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் குழுமத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அவர்களுக்கு ஊருக்கு ஊர் ஆஸ்பத்திரி உண்டு. வெப்சைட் பிடித்துவிட்டால் எல்லாவற்றுக்கும் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. மூவரில் பெரியவர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட ஒரு டாக்டரம்மா. மாமாவின் கம்ப்யூட்டரிலிருந்து சுவரில் திரை விழுந்தது. தடுப்புக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, ஓரத்து நாற்காலியில் பாப்பா உட்கார்ந்திருந்தாள்.

வழக்கப்படி மாமா பொய் நோயாளிகளை வைத்து எல்லாம் காட்டினார். எப்படி நேரம் குறிப்பது, எப்படி மாற்றுவது, டாக்டர் வராவிட்டால் செய்தி எப்படிப் போகும். பேச்சில் மனுஷரை அடித்துக்கொள்ள ஆளில்லை. வந்தவர்கள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில், எப்போதும் போல, 'எங்களைப் பற்றி' பக்கத்துக்கு வந்தார்.

சுவர் முழுக்கப் பாப்பாவின் முகம். கீழே கொட்டை எழுத்தில் அவள் பெயர். 'இதை முழுவதும் எழுதியவர்.'

மாமா பார்த்தார். நெற்றியில் வேர்த்தது. ஆனால் பன்னிரண்டு நாள் பழக்கம். தான் பார்ப்பது வேறு, மற்றவர்கள் பார்ப்பது வேறு என்றுதான் அவர் இத்தனை நாளில் தெரிந்து வைத்திருந்தார். இவர்கள் எதிரில் காட்டிக்கொண்டால் மானம் போய்விடும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இதோ, இது நான்" என்று பாப்பாவின் படத்தைக் கையால் காட்டினார். "அஞ்சு வருஷத்துக்கு முன்னால எடுத்தது. அப்ப கொஞ்சம் ஒல்லியா இருந்தேன்."

ஆஸ்பத்திரிக்காரர்களில் இளையவர் தன் செருப்பையே உற்றுப் பார்த்தார். கூட நின்றிருந்த டிசைனருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"கீழே பாருங்க, உருவாக்கியவர்னு என் பேரு போட்டிருக்கு. பெருமைக்குச் சொல்லலை. ஒவ்வொரு வரியும்..."

"சார்" என்றார் டாக்டரம்மா மெதுவாக. நோயாளியிடம் பேசுகிற குரல். "அந்தப் படத்துல இருக்கறது, ஓரமா உட்கார்ந்திருக்காங்களே, அவங்கதானே?"

மாமா திரும்பினார்.

"உங்களுக்கும் தெரியுதா?" என்றார்.

"தெரியுதே. ஏன்?"

"நிஜமாவா? உங்களுக்கு? உங்களுக்கும்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். ஒவ்வொருவரும் தலையாட்டினார்கள். அவர் அப்படியே மேஜை விளிம்பில் சாய்ந்து உட்கார்ந்தார். சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. "அப்ப எனக்கு ஒண்ணுமில்ல. எனக்கு ஒண்ணுமே இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

பாப்பா இதை எதிர்பார்க்கவில்லை. அவமானத்தில் மனுஷர் கூனிக் குறுகிப்போவார், அதைக் கண்குளிரப் பார்க்கலாம் என்று பன்னிரண்டு நாளாகக் காத்திருந்தாள். அவரோ விடுதலையான கைதி மாதிரி சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக வந்தது. எழுந்தாள்.

"உங்களுக்கு ஒண்ணுமில்லதான் மாமா. உங்க கம்ப்யூட்டர்ல ஒரு வரி. அவ்வளவுதான். நான்தான் போட்டேன்."

அவர் சிரிப்பு நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக அவருக்குப் புரிவதை எல்லாருமே பார்த்தார்கள்.

"நீயா? பன்னிரண்டு நாளாவா? பாப்பா... நான் எங்கப்பா மாதிரி ஆயிட்டேன்னு நினைச்சேன். தெரியுமா உனக்கு? பைத்தியமே பிடிச்சிடும் போல இருந்துது."

"தெரியும். நான் இல்லாததைப் பார்க்கறேன், இல்லாததைக் கேட்கறேன்னு அந்தக் கம்பெனியில சொன்னீங்களே. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு உங்களுக்கும் தெரியட்டும்னுதான்."

டாக்டரம்மா தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"இப்ப அவங்களுக்குப் போன் பண்ணுங்க" என்றாள் பாப்பா. "எல்லாருக்கும் கேட்கற மாதிரி."

"இவங்க எதிர்லயா?"

"நீங்க என்னைப் பத்திப் பேசறப்ப எதிர்ல யாருமே இல்லாததுதான் உங்களுக்கு வசதியாப் போச்சு."

அவர் போன் செய்தார். மூன்றாவது தடவை மணி அடித்தபோது ஆளெடுக்கும் அம்மா எடுத்தார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அன்னிக்கு எங்க பாப்பாவைப் பத்திச் சொன்னது பொய்ங்க. அவளுக்கு ஒண்ணுமில்ல. அவ போயிட்டா இங்க வேலை நடக்காதுன்னு அப்படிச் சொல்லிட்டேன்." "அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாச்சே சார்" என்று பதில் வந்தது.

பாப்பா மாமாவின் கம்ப்யூட்டருக்கு முன் குனிந்தாள். ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறந்து, சுவரில் எல்லாருக்கும் தெரிய, அந்த வரியை அழித்துச் சேமித்தாள். பக்கத்தைத் திரும்ப ஏற்றினாள். கையைக் கட்டிக்கொண்டு மாமா படத்தில் வந்து நின்றார். அவள் அன்றைக்கே வேலையை விட்டாள்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் வெப்சைட்டை எடுத்துக்கொள்ளவில்லை. மாமாவையும் நம்பவில்லை, அவளையும் நம்பவில்லை. கிளம்பும்போது டாக்டரம்மா படியில் நின்று அவளிடம் சொன்னார்: "உன் கோபம் நியாயம்தாம்மா. ஆனா இந்தக் கையில என் நோயாளிகளை ஒப்படைக்க எனக்குப் பயமா இருக்கு." அந்த வாய்ப்புக் கை நழுவியதில், இரண்டு மாதத்தில் போன் எடுக்கும் பெண்ணை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண் செய்த தப்பு ஒன்றும் கிடையாது. பாப்பா அவளைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டாள். அந்தப் பெண் கதவைத் திறந்து முழுவதும் கேட்டுவிட்டு, "சரி" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

அக்கா மறுநாளே வந்தாள். வாசலில் நின்றபடியே கத்தினாள். "உன் புத்தி ஏன்டி இப்படிப் போச்சு? அவர் அழுததை நான் பார்த்தேன்டி!"

"நான் உன் மடியில அழுததையும் நீ பார்த்தே. அதை ஏன்க்கா அவர்கிட்ட சொன்னே?"

"அவர் என் புருஷன். அவர்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்லுவேன்? இப்படிப் பண்ணுவார்னு எனக்கு ஜோசியமா தெரியும்?"

"இப்பத் தெரிஞ்சுதில்ல? என்ன பண்ணப்போறே?"

அக்கா ஒன்றும் செய்யவில்லை. பேச்சு நின்றது. ஒன்றரை வருஷம் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்தே இல்லை.

டிசைனரும் ஆறு மாதம் கழித்து மாமாவை விட்டு விலகி வந்தான். பாப்பாவும் அவனும் சேர்ந்து அவள் வீட்டு முன்னறையில் இரண்டு மேஜை போட்டார்கள். முதலில் ஒரு கால்நடை டாக்டருக்கு, அப்புறம் ஒரு பாட்டுப் பள்ளிக்கு. செய்து கொடுக்கும் ஒவ்வொரு வெப்சைட்டிலும் அடியில் சின்ன எழுத்தில் இரண்டு பேர் பெயரையும் போடுகிறார்கள். வேண்டாம் என்கிற வாடிக்கையாளரின் வேலையை எடுப்பதில்லை. அதனால் போன வேலைகளும் உண்டு.

அக்கா மகள் படிப்பு முடித்துப் பட்டம் வாங்குகிற அன்று, "சித்தி வரலேன்னா நானும் மேடை ஏற மாட்டேன்" என்று அடம் பிடித்தாள். பாப்பா போனாள். ஒரே வரிசையில் உட்கார வேண்டியதாயிற்று. மாமாவுக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டு காலி நாற்காலிகள். மாமாவுக்கு முன்மயிர் நன்றாகக் கொட்டியிருந்தது.

"நல்லா இருக்கியா?" என்றார்.

"இருக்கேன்."

"ஸ்கேன் எடுத்தேன் அப்புறம். ஒண்ணுமில்லைன்னுட்டாங்க."

"நல்லது."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. மேடையில் பெயர்கள் கூப்பிடத் தொடங்கினார்கள்.

மறுநாள் முன்னறையில் இதையெல்லாம் சொல்லிவிட்டு அவள் என்னிடம் சொன்னது இது. ஆமாம், அந்த டிசைனர் நான்தான். "அவரைப் பக்கத்துல பார்த்ததும் பாவமா இருக்கும்னு நினைச்சேன். இல்ல. இன்னும் பன்னிரண்டு நாள் அந்த வரியைப் போட்டு வெச்சிருக்கலாம்னுதான் தோணிச்சு." சொல்லிவிட்டு, பாட்டுப் பள்ளிக்கு அன்று சாயங்காலமே அனுப்ப வேண்டிய பக்கத்தைத் திறந்து, எழுத்துப் பிழை பார்க்க ஆரம்பித்தாள்.